ரேந்தை பின்னிய மார்த்தா அம்மையார்

திருக்கோணமலைத் துறைமுகத்தருகே வலை பின்னுவோர் எவரும் தனித்திருந்து பின்ன யான் கண்டிலேன். நூல் ஓடும்; கூடவே ஊர்க்கதையும் ஓடும். கூடிப் பின்னும் இவ்வின்பத்தையே விடுதலைக்கு வழியாக்கியவர் மார்த்தா மால்ட் அம்மையார்.

இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த தம் கணவர் சார்ல்ஸ் மால்ட்டுடன் 1819ஆம் ஆண்டில் நாகர்கோவிலை அடைந்த அவர், அங்குப் பெண்கள் விடுதிப் பள்ளியை நடத்தி, எழுத்துடன் ரேந்தை வேலையையும் கற்பித்தார். தலையணைமேல் கோலம் வரைந்த தாளை விரித்து, குண்டூசிகளை ஊன்றி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றி முறுக்குவதே அவ்வேலை. சிறுமியர் கூடியிருந்து பின்னும்பொழுது கட்டைகளின் ஒலியோடு பேச்சொலியும் கலக்கும்.

அந்நாளில் திருவிதாங்கூரில் அடிமைமுறை நிலவியது. அடிமைக் குடியிற் பிறந்த சிறுமியரும் அப்பள்ளியிற் பயின்றனர். அவர்தம் ரேந்தை நல்ல விலைக்குப் போயிற்று. அவ்வூதியத்தைச் சேர்த்து ஆண்டைகளுக்குக் கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்டாரும் உளர். அரச ஆணையால் அம்முறை ஒழிந்ததோ 1855இலேதான்! மாணவியர்க்குக் கைவேலை எதற்கென்று எள்ளும் பண்டித நண்பர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்ப்பாராக.

அம்மையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்குப் பணியாற்றினார். அவர் மகள் எலிசாவை 1844இல் மணந்தவர் வேறெவருமல்லர். நம் கால்டுவெல் ஐயரே. எலிசா அம்மையார் தாயிடம் கற்ற ரேந்தையை இடையன்குடிப் பெண்களுக்குக் கற்பித்தார். ஒப்பிலக்கணத்தை மாணவர்க்கு உரைக்கும்போதெல்லாம் அவ்வீட்டு ரேந்தைத் தலையணையையும் நான் சொல்லாமல் விடுவதில்லை.