ஜிகோரோ கானோ

குடமுருட்டியாற்றில் புதுவெள்ளம் பெருகுங்கால் கரையோரத்து நாணல் வளைந்து கொடுத்துப் பின் நிமிர்வதை வலங்கைமான் வட்டாரத்து மாணவர் கண்டிருப்பர். அவ்வியல்பையே ஒரு மற்போர்க் கலைக்கு அடிப்படையாக்கியவர் ஜப்பானியராகிய ஜிகோரோ கானோ.

1860ஆம் ஆண்டில் பிறந்த கானோ இளமையில் மெலிந்த உடலினர். உடன் பயின்ற வலியவர் அவரை அடித்துத் துன்புறுத்தினர். ஆதலால் ஜுஜுத்ஸு என்னும் பழைய மற்போரைக் கற்க விழைந்தார். அதுவோ அந்நாளில் மதிப்பிழந்து நலிந்திருந்தது. ஆசிரியரைத் தேடி அலைந்தே அதனைப் பயின்றார்.

பின்னர், பெரிதும் ஊறு விளைக்கும் அடிகளைப் பயிற்சிப் போரினின்று விலக்கி, எதிரியின் விசையைக் கொண்டே அவனை வீழ்த்தும் முறைகளை ஒழுங்குபடுத்தினார். அதற்கு ஜூடோ, அஃதாவது மென்மை நெறி, எனப் பெயரிட்டார். 1882இல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில், 12 பாய்கள் விரித்த அறையில், 9 மாணவரோடு அவரது பள்ளி தொடங்கிற்று. அடிபடாமல் விழுவது எப்படி என்பதே இக்கலையின் தொடக்கப் பாடம். வீழக் கற்றவனுக்கே வீழ்த்தக் கற்பிப்பது எத்துணை நுண்ணிய ஏற்பாடு!

கானோ கல்லூரித் தலைவராகவும் விளங்கினார். தாகூரின் விருப்பப்படி 1929இல் தாககாகி என்னும் ஜூடோ ஆசிரியர் சாந்திநிகேதனம் வந்து மாணவர்க்கு இக்கலையைக் கற்பித்தார்.

1938இல் கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் குழுக் கூட்டத்திற்குச் சென்று மீளுங்கால், கானோ கப்பலிலேயே உயிர் நீத்தார். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முதலாக இடம்பெற்றது. எடை வரம்பில்லாப் பிரிவில் அன்று வாகை சூடியவர் ஜப்பானியர் அல்லர். நெதர்லாந்து நாட்டு ஆன்டன் கீசிங்க்.