யுத்தச் செய்தியும் பெஸண்ட் அம்மையாரும்

அடையாற்றிலும் பெஸண்ட் நகரிலும் தினந்தோறும் நடமாடுவோரில் பலருக்கு அன்னி பெஸண்ட் அம்மையார் ஒரு ஊர்ப் பெயராகவோ ஒரு சிலையாகவோதான் தெரியும். பிரம்மஞான சபையின் தலைவி என்று அறிந்தோர் சிலர். யுத்த காலத்தில் சர்க்காரின் அடக்குமுறைக்கு ஈடுகொடுத்து நின்ற பத்திரிகாசிரியர் என்று அறிந்தோர் அவர்களினும் சிலரே. தேசத் தொண்டில் ஈடுபட்டிருப்போர் முக்கியமாய் அறிய வேண்டியது இதனையே என்று நாம் கருதுகிறோம்.

அம்மையார் 1847-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி லண்டனில் பிறந்தவர். பத்திரிகைத் தொழில் அவருக்கு இந்தியாவில் வந்த புதுப் பழக்கமன்று. 1888-ல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் துயரத்தைத் தமது பத்திரிகையில் அம்பலப்படுத்தி, அவர்களுடைய வேலைநிறுத்தம் வெற்றி பெறத் துணை நின்றார். 1893-ல் இந்தியாவுக்கு வந்தார். 1907-ல் பிரம்மஞான சபையின் தலைமையை ஏற்றார். 1914-ல் காமன்வீல் என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே மதராஸ் ஸ்டாண்டர்டு என்ற தினசரியை விலைக்கு வாங்கி, நியூ இந்தியா என்று பெயர் மாற்றி நடத்தலானார்.

அச்சமயத்தில் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. செப்டம்பர் 22-ந் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு வீசியது. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் நகரை விட்டு ஓடினர். வதந்தி ஒரு புறம். மறு புறம் சர்க்கார் அனுமதித்த செய்தி. கடல் கடந்த செய்திகள் பெரும்பாலும் ராய்ட்டர் தந்தி மூலமே வந்தன. அந்த ஸ்தாபனத்தின் தலைமை நிர்வாகியான ரோடரிக் ஜோன்ஸ், யுத்தத்தின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் சர்க்காரின் பிரசார இலாகாவிலும் பதவி வகித்தவர். செய்தி தருபவரும் பிரசாரம் செய்பவரும் ஒருவரேயானால், வாசகன் எதைக் கொண்டு உண்மையைத் தேறுவான்?

அம்மையார் யுத்தத்தை எதிர்த்தவர் அல்லர். பிரிட்டன் வெல்ல வேண்டுமென்றே எழுதினார். ஜெர்மனியைத் தீமையின் உருவமாகவே சித்திரித்தார். அவ்வளவில் அவரும் அக்காலப் பிரசாரத்தின் வசப்பட்டவரே. ஆயினும், சுதந்திரத்துக்காகப் போர் புரிவதாகச் சொல்லும் சாம்ராஜ்யம் இந்தியாவுக்கு அதனை மறுப்பதேன் என்று நாள்தோறும் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் சர்க்காரால் பொறுக்க முடியவில்லை. 1910-ம் வருஷத்திய அச்சுச் சட்டத்தின்படி 1916 மே மாதம் அவரிடம் 2,000 ரூபாய் ஜாமீன் கேட்கப்பட்டது. ஆகஸ்டில் அது பறிமுதல் செய்யப்பட்டு, 10,000 ரூபாய் புதிய ஜாமீன் விதிக்கப்பட்டது. அவர் அதையும் கட்டிப் பத்திரிகையை நடத்தினார். செப்டம்பரில் ஹோம் ரூல் சங்கத்தையும் ஸ்தாபித்தார். 1917 ஜூன் மாதம் பெண்ட்லண்ட் பிரபுவின் சென்னைச் சர்க்கார், அம்மையாரையும் அருண்டேல், வாடியா ஆகிய இருவரையும் உதகமண்டலத்தில் காவலில் வைத்தது.

அதே ஜூன் மாதத்தில் லண்டனில் நடந்ததை நேயர்கள் கவனிக்க வேண்டும். மெஸபொடேமியா யுத்தத்தைப் பற்றிய விசாரணைக் கமிஷனின் அறிக்கை அப்போதுதான் வெளியாயிற்று. 1916 ஏப்ரலில் கூட் நகரில் சுமார் 13,000 துருப்புகள் துருக்கியரிடம் சரணடைந்தன. அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். அதற்கு முன்பே காயம்பட்ட சிப்பாய்கள் மருந்தும் கவனிப்புமின்றி அசுத்தமான படகுகளில் அடைக்கப்பட்டு பாஸ்ராவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அந்தக் கோரத்தை மேலதிகாரிகளுக்கு எழுதிய மேஜர் கார்ட்டர் என்ற வைத்தியர், கைது செய்யப்படுவாரென்று மிரட்டப்பட்டார். யுத்த நன்மைக்காகப் பத்திரிகைகளின் வாயை அடைப்பதாகச் சொன்ன இந்திய சர்க்காரின் நிர்வாகமே இந்தச் சீர்கேட்டுக்குப் பெரிதும் பொறுப்பு என்பது அறிக்கையால் வெளியாயிற்று. அந்த மௌனத்தால் நன்மை அடைந்தவர்கள் அதிகாரிகளே. நம் சிப்பாய்கள் அல்லர்.

மயிலாப்பூரில் வாழ்ந்த மணி ஐயர், அதாவது ஹைக்கோர்ட் நீதிபதியாயிருந்து ஓய்வுபெற்ற எஸ். சுப்பிரமணிய ஐயர், தணிக்கைக்கு அகப்படாதபடி அமெரிக்க நண்பர்கள் கையில் ஒரு கடிதம் கொடுத்து, ஜனாதிபதி வில்ஸனுக்கு இந்தியாவின் நிலைமையைத் தெரிவித்தார். பின்னர் பார்லிமெண்டில் மாண்டேகு அவரைக் கண்டித்தபோது, தம் பட்டங்களைத் துறந்தார். ஜின்னா முதலானோர் ஹோம் ரூல் சங்கத்தில் சேர்ந்தனர். செப்டம்பரில் அம்மையார் விடுதலையானார். டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார்.

அவருடைய பிற்கால வாழ்வு இவ்வளவு சோபிக்கவில்லை. 1919-ல் சத்தியாக்கிரகத்தை எதிர்த்து, சர்க்காரின் பக்கம் சாய்ந்து எழுதினார். முன்பு அவரைப் போற்றிய ஜனங்களே அவரைக் கைவிட்டனர். 1933 செப்டம்பர் 20-ந் தேதி அடையாற்றில் காலமானார். 1910-ம் வருஷத்து அச்சுச் சட்டம் அவர் காலத்திலேயே, 1922-ல், ரத்தாயிற்று.

ஜெர்மானியர் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பெடுத்தனர் என்று 1917-ல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதிய கதைக்கு ஆதாரமில்லையென்று 1925-ல்தான் பார்லிமெண்டில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்குள் அதை நம்பிய பலர் இறந்தும் போயினர். ஆகவே யுத்தச் செய்தி எதைப் படித்தாலும், அதை அனுப்பியவர் யார், எவர் அனுமதியுடன் வந்தது, நம் தரப்பின் குற்றங்குறைகளும் அதில் இடம்பெற்றனவா என்று கேட்டுப் பார்ப்பது நம் கடமை. எதிரியின் பொய்யைக் கண்டுகொள்வது எளிது. நமக்கு உகந்த பொய்யை மறுக்கத்தான் துணிவு வேண்டும். அம்மையாரின் வாழ்வில் அத்துணிவு ஓங்கி நின்ற ஆண்டுகளையும் தளர்ந்த ஆண்டுகளையும் சேர்த்தே நாம் நினைவில் வைப்போமாக.