வான்டூ மலையில் முடிந்த பந்தயம்: ஊக்கமருந்துச் சோதனைக்கு வழிவகுத்த டாம் சிம்ப்சனின் வாழ்க்கை

சாகண் (புனே): மகாராஷ்டிர மாநிலம் புனே மாவட்டத்தில் உள்ள சாகண், வாகனத் தொழிற்சாலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். இங்கு ஆலை நடத்தும் பஜாஜ் நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய புனே கிராண்ட் டூர் சைக்கிள் பந்தயம், 2026 ஜனவரியில் மாவட்டத்தின் சாலைகளில் நடைபெற்றது. சர்வதேச சைக்கிள் ஒன்றியத்தின் அங்கீகாரம் பெற்ற இந்தப் பல நாள் பந்தயம், ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்று அழைக்கப்பட்ட புனேவை மீண்டும் சைக்கிள் செய்திகளுக்குள் கொண்டுவந்தது.

சர்வதேசப் பந்தயம் ஓர் ஊருக்கு வரும்போது அதன் விதிகளும் உடன் வருகின்றன. அவற்றில் முக்கியமானது ஊக்கமருந்துச் சோதனை. இறுதிக் கோட்டைக் கடந்த வீரரை அதிகாரிகள் அழைத்தால், அவர் சிறுநீர் மாதிரி கொடுத்தே ஆக வேண்டும். இன்று இயல்பாகிவிட்ட இந்த நடைமுறையை 60 ஆண்டுகளுக்கு முன் உலகின் முன்னணி வீரர்களே எதிர்த்தனர். அந்த எதிர்ப்பை வலுவிழக்கச் செய்தது ஒருவரின் மரணம். அவர் பிரிட்டனின் முதல் தொழில்முறை உலகச் சாலைச் சாம்பியனான டாம் சிம்ப்சன்.

சுரங்கத் தொழிலாளியின் மகன்

இங்கிலாந்தின் டர்ஹாம் மாவட்டத்தில் உள்ள ஹாஸ்வெல் என்ற ஊரில் 1937 நவம்பர் 30 அன்று சிம்ப்சன் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஆறு பிள்ளைகளில் இவரே இளையவர். பின்னர் குடும்பம் நாட்டிங்ஹாம் மாவட்டத்தின் மற்றொரு சுரங்க ஊரான ஹார்வொர்த்துக்குக் குடிபெயர்ந்தது. பொறியியல் நிறுவனம் ஒன்றில் வரைவாளர் பயிற்சியில் சேர்ந்த சிம்ப்சன், உள்ளூர்ச் சைக்கிள் மன்றங்களில் பந்தயங்களைக் கற்றார்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் குழு விரட்டுப் போட்டியில் வெண்கலம் வென்ற பிரிட்டன் அணியில் அவர் இடம்பெற்றபோது வயது 19. 1958-இல் கார்டிஃபில் நடைபெற்ற காமன்வெல்த் போட்டியில் தனிநபர் விரட்டில் வெள்ளி வென்றார்.

சாலைப் பந்தயத்தில் பிழைப்பு நடத்த வேண்டுமானால் ஐரோப்பியக் கண்டத்துக்குச் செல்ல வேண்டும் என்பது அக்கால நிலை. 1959-இல் இரண்டு சைக்கிள்களையும் சேமிப்பான 100 பவுண்டையும் எடுத்துக்கொண்டு பிரான்சின் பிரிட்டனி பகுதிக்குச் சென்றார். அதே ஆண்டில் தொழில்முறை வீரரானார். பின்னாளில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் மனைவியுடனும் இரு மகள்களுடனும் வசித்தார்.

அடுத்தடுத்து வெற்றிகள்

1961-இல் பெல்ஜியத்தின் புகழ்பெற்ற டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தை வென்ற முதல் பிரிட்டன் வீரர் என்ற பெருமையைப் பெற்றார். 1962 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், ஒட்டுமொத்த முன்னிலை வகிப்பவருக்கு வழங்கப்படும் மஞ்சள் சட்டையை அணிந்த முதல் பிரிட்டன் வீரரும் அவரே. ஒரே நாளில் அதை இழந்தாலும் ஆறாம் இடத்தில் பந்தயத்தை முடித்தார்.

1963-இல் போர்டோ - பாரிஸ், 1964-இல் மிலான் - சான் ரேமோ பந்தயங்கள் அவர் வசமாயின. 1965 செப்டம்பரில் ஸ்பெயினில் உலகச் சாம்பியன் பட்டம் வென்றார். அடுத்த மாதமே இத்தாலியின் லொம்பார்டி பந்தயத்தையும் வென்றார். அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரருக்கான பிபிசி விருது அவருக்கு வழங்கப்பட்டது.

ஆனால் 1966 தொடக்கத்தில் பனிச்சறுக்கின்போது கால் முறிந்ததால், உலகச் சாம்பியனுக்குரிய வருமானத்தின் பெரும்பகுதியை இழந்தார். 1967 மார்ச்சில் பாரிஸ் - நீஸ் பந்தயத்தை வென்று மீண்டெழுந்தார். ஒருநாள் பந்தயங்களில் எவரையும் வெல்லக்கூடிய அவருக்கு, டூர் டி பிரான்ஸ் மட்டும் எட்டாக்கனியாகவே இருந்தது. அதில் முன்னணி இடம் பெற்றால் ஒப்பந்தங்களும் கண்காட்சிப் பந்தய அழைப்புகளும் குவியும். அவருக்கு வயது 29. காலம் அதிகம் இல்லை.

வெளிப்படையான ரகசியம்

அக்காலச் சைக்கிள் பந்தயங்களில் ஆம்பெடமைன் என்ற ஊக்கமருந்தைப் பயன்படுத்துவது வெளிப்படையான ரகசியமாக இருந்தது. இது தசைக்குப் புதிய வலிமை எதையும் தருவதில்லை. களைப்பை மறைக்கிறது. உடல் போதும் என்று அறிவிக்கும் எச்சரிக்கை மூளையில் மங்கிவிடுகிறது. அதேநேரம் உடலின் வெப்பத்தை அதிகரித்து, அந்த வெப்பம் தோல் வழியே வெளியேறுவதையும் தடுக்கிறது. கடும் வெயிலில், நீர்ச்சத்து குறைந்த உடலில் இவ்விரண்டும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

பிரான்ஸ் அரசு 1965-இல் ஊக்கமருந்துத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 1966 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின்போது போர்டோ நகரில் முதன்முறையாகச் சோதனை நடத்தப்பட்டது. மறுநாளே வீரர்கள் சைக்கிளை விட்டு இறங்கி, சிறிது தூரம் நடந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். தங்களைக் குற்றவாளிகளைப் போல நடத்துவதாக அவர்கள் கருதினர்.

1967 ஜூலை 13

மார்சேய் முதல் கார்பன்ட்ராஸ் வரையிலான 13-ஆம் கட்டப் பந்தயம் தொடங்கியபோது, சிம்ப்சன் ஒட்டுமொத்தத்தில் ஏழாம் இடத்தில் இருந்தார். சில நாள்களுக்கு முன் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் வயிற்றுக் கோளாறால் அவதியுற்று, சரியாக உணவு உட்கொள்ள முடியாமல் தளர்ந்திருந்தார்.

211 கி.மீ. தூரப் பாதையின் நடுவே மோன் வான்டூ மலை நின்றது. சுமார் 1,900 மீட்டர் உயரமுள்ள இந்த மலையின் மேற்பகுதியில் மரங்களே இல்லை. வெண்ணிறக் கற்கள் மட்டுமே உள்ளன. 1955-இல் இதே மலையில் ஜான் மலேஜாக் என்ற வீரர் சுயநினைவிழந்து விழுந்தபோது, அவரைக் காப்பாற்றியவர் பந்தய மருத்துவர் பியர் துமா. பந்தயங்களில் ஊக்கமருந்து ஒழிய வேண்டும் என்று தொடர்ந்து வலியுறுத்தியவரும் அவரே.

அன்று வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடந்திருந்தது. வீரர்கள் குடிக்கும் நீரின் அளவுக்கும் அக்காலத்தில் கட்டுப்பாடு இருந்தது. தாகம் தாளாத வீரர்கள் வழியிலிருந்த மதுக்கூடங்களுக்குள் புகுந்து கையில் கிடைத்ததைக் குடித்தனர். மலையேற்றம் தொடங்கும் முன் சிம்ப்சனும் பிராந்தி அருந்தினார்.

முன்னணி வீரர்களிடமிருந்து பின்தங்கிய அவர், உச்சிக்கு இன்னும் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் இருந்தபோது சாலையின் இருபுறமும் தள்ளாடி விழுந்தார். பந்தயம் முடிந்துவிட்டது என்று அணியின் மெக்கானிக் ஹாரி ஹால் கூறியும், தொடரவே விரும்பினார். அவரை மீண்டும் சைக்கிளில் ஏற்றிவிட்டனர். சில நூறு மீட்டர்களே சென்றார். இரண்டாம் முறை அவரைத் தாங்கிப் பிடித்தபோது நினைவிழந்திருந்தார். கைகள் மட்டும் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தன.

மருத்துவர் துமா சாலையோரத்திலேயே செயற்கைச் சுவாசம் அளித்தார். ஹெலிகாப்டரில் அவிஞ்யோன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட சிம்ப்சன் உயிரிழந்ததாக மாலையில் அறிவிக்கப்பட்டது. அவருடைய சட்டைப் பையில் ஆம்பெடமைன் குப்பிகள் இருந்தன. உடற்கூறாய்வில் ஆம்பெடமைனும் மதுவும் கண்டறியப்பட்டன. கடும் வெப்பமும் அளவுகடந்த களைப்பும் இவற்றோடு சேர்ந்து இதயத்தைச் செயலிழக்கச் செய்தன.

தன்னைச் சைக்கிளில் மீண்டும் ஏற்றிவிடுமாறு அவர் கேட்டதாகக் கூறப்படும் கடைசி வாசகம் உலகப் புகழ்பெற்றது. அவ்வாசகம் சம்பவ இடத்தில் இல்லாத செய்தியாளர் ஒருவரின் கற்பனை என்பது பின்னர் தெரியவந்தது. வீரத்தின் சின்னமாகப் பரவிய அந்தச் சொற்கள், அவரது மரணத்தின் உண்மைக் காரணத்தை நெடுங்காலம் பின்னுக்குத் தள்ளின.

மாறிய விதிகள், மாறாத சந்தேகம்

மறுநாள் பந்தயத்தில் சக வீரர்கள் யாரும் போட்டியிடாமல், சிம்ப்சனின் அணித் தோழர் பேரி ஹோபனை முன்னே சென்று வெல்லவிட்டனர். ஹார்வொர்த்தில் நடைபெற்ற இறுதிச் சடங்கில் ஆயிரக்கணக்கானோர் பங்கேற்றனர்.

அதன் பின் மாற்றங்கள் விரைந்தன. 1967 செப்டம்பரில் ஒரு மணி நேரத் தூரச் சாதனையை முறியடித்த பிரான்சின் ஜாக் ஆன்கெத்தீல், உடனடிச் சோதனைக்கு உட்படாததால் அச்சாதனை ஏற்கப்படவில்லை. 1968 டூர் டி பிரான்ஸ் ஆரோக்கியத்தின் பந்தயம் என்ற அடைமொழியுடன், வழக்கமான சோதனைகளோடு நடத்தப்பட்டது. அதே ஆண்டில் ஒலிம்பிக்கிலும் சோதனை அறிமுகமானது.

எனினும் சந்தேகம் சைக்கிள் பந்தயத்தை விட்டு அகலவில்லை. 1998-இல் ஃபெஸ்டினா அணியின் வாகனத்தில் ஊக்கமருந்துகள் சிக்கிய விவகாரம் உலகையே அதிர வைத்தது. அதையடுத்து 1999-இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை உருவானது. 2012-இல் அமெரிக்காவின் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் தன் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களையும் இழந்தார்.

இந்தியாவுக்கும் இது தொலைதூரச் செய்தி அன்று. உலக முகமையின் 2023-ஆம் ஆண்டுக்கான புள்ளிவிவரப்படி, இந்தியாவில் பல்வேறு விளையாட்டுகளில் சோதிக்கப்பட்ட 5,606 மாதிரிகளில் 213-இல் தடை செய்யப்பட்ட பொருள்கள் கண்டறியப்பட்டன. இது 3.8 சதவீதம். அதிக அளவில் சோதனை நடத்தும் நாடுகளில் இதுவே மிக உயர்ந்த விகிதமாகும். தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் 2022-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

சிம்ப்சனை ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்குவோரும், அக்காலத்தின் பலியாள் என்று இரங்குவோரும் இன்றும் உள்ளனர். அவரது காலத்தில் மருந்தை மறுத்தவருக்கு எந்தப் பாதுகாப்பும் இருக்கவில்லை. மறுப்பவர் தோற்றார், ஏற்றவர் உயிரைப் பணயம் வைத்தார். வீரர்கள் அன்று அவமதிப்பாகக் கருதிய சோதனை, மருந்தின்றி ஓட்ட விரும்புவோருக்கு இன்று கிடைத்துள்ள பாதுகாப்பு.

மோன் வான்டூ உச்சிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் கீழே, அவர் விழுந்த இடத்தருகே நினைவுக்கல் ஒன்று நிற்கிறது. மலையேறிச் செல்லும் சைக்கிள் ஓட்டிகள் தண்ணீர்க் குப்பிகளையும் தொப்பிகளையும் இன்றும் அங்கு வைத்துச் செல்கின்றனர்.