கொள்ளைநோயில் அபூ உபைதா (ரலி)

2020இல் கொரோனா பரவியபோது, செங்கல்பட்டு முதல் மாமல்லபுரக் கடற்கரை வரை பள்ளிவாசல்கள் அடைபட, ஜும்ஆவின்றி வீட்டில் லுஹர் தொழுதீர்கள். நோய்க்கு ஒதுங்குவது ஈமானுக்கு அழகா எனக் கலங்கினீர்களா?

சமுதாயத்தின் ‘அமீன்’ எனப் போற்றப்பட்ட ஹஜ்ரத் அபூ உபைதா (ரலி) அவர்களும் அவ்வாறே வினவினார்கள். ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) ஷாமில் கொள்ளைநோய் கண்டதால் கலீபா உமர் (ரலி) அவர்கள் எல்லையிலேயே திரும்பினார்கள், திரும்புவதும் இறைவிதிக்குள் அடங்கியதே எனத் தெளிவித்தார்கள். பின்னர் மதீனாவுக்கு அழைக்கப்பட்டும், தளபதி அபூ உபைதா (ரலி) படையைப் பிரியாது அந்நோயிலேயே வபாத்தானார்கள். பிறகு பொறுப்பேற்ற அம்ர் பின் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை மலைகளில் பிரித்துத் தங்கவைக்க, நோய் தணிந்தது.

மூச்சிலும் இருமலிலும் பரவும் கிருமிக்கும் இடைவெளியே தடை. நோயுற்றால் ஒதுங்கியிருங்கள்; முகத்தை மூடுங்கள். அண்டை வீட்டார் உயிரும் நம்மிடமுள்ள அமானிதமே.