துளை போட்டுக் கணக்கு எடுத்தவர்!

குட்டீஸ், உங்கள் வகுப்பில் எத்தனை பேர் கண்ணாடி அணிந்திருக்கிறார்கள் என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் எண்ணிச் சொல்லிவிடுவீர்கள். பள்ளிக்கூடம் முழுவதும் எத்தனை பேர் என்றால்? கொஞ்சம் கஷ்டம்தான். ஒரு நாடு முழுவதும் எத்தனை பேர் என்றால்?

அமெரிக்காவில் 1880ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். அப்போது அங்கே சுமார் 5 கோடி பேர் இருந்தனர். வீடு வீடாகப் போய் எழுதி வந்த தாள்களை எல்லாம் கையாலேயே பிரித்து, எண்ணி, கூட்டி முடிக்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்குள் அடுத்த கணக்கெடுப்பே நெருங்கிவிட்டது! மக்கள்தொகையோ கூடிக்கொண்டே போனது. இப்படியே போனால் ஒரு கணக்கு முடியும் முன்பே அடுத்த கணக்கைத் தொடங்க வேண்டியதுதான்.

இந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்தவர்தான் ஹெர்மன் ஹோலரித்.

இவர் 1860ம் ஆண்டு பிப்ரவரி 29ம் தேதி, அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிறந்தார். ஆமாம், நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் பிறந்தநாள்! பெற்றோர் ஜெர்மனியில் இருந்து குடியேறியவர்கள். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார்.

ஹோலரித்துக்கு ஒரு பாடம் மட்டும் வேப்பங்காய். அதுதான் ஆங்கில எழுத்துக்கூட்டல். அந்த வகுப்புக்குப் பயந்து, ஒருமுறை மாடி ஜன்னல் வழியாகக் குதித்தே ஓடிவிட்டார் என்று சொல்வார்கள். நீங்கள் அப்படி எல்லாம் செய்யக் கூடாது! ஆனால் மற்ற பாடங்களில் சுட்டி. பிறகு நியூயார்க்கில் உள்ள கொலம்பியா கல்லூரியில் பொறியியல் படித்து, 1879ல் பட்டம் பெற்றார். அப்போது வயது 19தான்.

படிப்பு முடிந்ததும் மக்கள்தொகைக் கணக்கு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே பிறப்பு, இறப்பு, நோய்கள் பற்றிய கணக்கைக் கவனித்தவர் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற டாக்டர். எழுத்தர்கள் தாள்களோடு போராடுவதைப் பார்த்த அவர், இந்த வேலையைச் செய்ய ஓர் எந்திரம் இருந்தால் நல்லது என்று ஹோலரித்திடம் சொன்னார். அந்த ஒரு பேச்சு இளைஞரின் மனதில் விதையாக விழுந்தது.

முதலில் நீளமான காகித நாடாவில் துளை போட்டுப் பார்த்தார். ஆனால் ஒரே ஒருவரின் விவரம் வேண்டும் என்றாலும் முழு நாடாவையும் ஓடவிட வேண்டியிருந்தது. என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, தான் செய்த ஒரு ரயில் பயணம் நினைவுக்கு வந்தது. அந்த நாளில் ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் பயணம் செய்யாமல் இருக்க, கண்டக்டர் டிக்கெட்டின் ஓரத்தில் துளைகள் போடுவார். பயணியின் முடி கறுப்பா, கண் நீலமா, மூக்கு பெரிதா என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம்! நாடாவுக்குப் பதில், ஆளுக்கு ஓர் அட்டை வைத்தால் போதுமே என்று ஹோலரித் முடிவு செய்தார்.

அந்த எந்திரம் எப்படி வேலை செய்தது தெரியுமா? உங்கள் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். பையன் என்றால் இடது ஓரத்தில் துளை. பெண் என்றால் வலது ஓரத்தில் துளை. கண்ணாடி அணிந்திருந்தால் நடுவில் இன்னொரு துளை. இந்த அட்டையை எந்திரத்தில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினால், மேலே இருந்து ஊசிகள் இறங்கும். துளை இருக்கும் இடத்தில் மட்டும் ஊசி உள்ளே போய், கீழே உள்ள சின்னக் கிண்ணத்துப் பாதரசத்தைத் தொடும். உடனே மின்சாரம் பாயும். கடிகாரம் போன்ற முகப்பில் முள் ஓர் எண் நகரும். துளை இல்லாத இடத்தில் ஊசி அட்டையில் முட்டி நின்றுவிடும். அவ்வளவுதான்!

எந்திரம் தயார். ஆனால் யார் நம்புவார்கள்? முதலில் வாய்ப்புக் கொடுத்தது பால்டிமோர் நகரின் சுகாதாரத் துறை. அந்த நகரில் இறந்தவர்களின் வயது என்ன, எந்த நோயால் இறந்தார்கள் என்ற கணக்கு அவர்களுக்கு வேண்டும். எந்த நோய் எந்த வயதினரைத் தாக்குகிறது என்று தெரிந்தால்தானே தடுக்க வழி தேட முடியும்? ஹோலரித் கண்டக்டர்கள் வைத்திருப்பது போன்ற துளைக்கருவியால், ஒவ்வோர் அட்டையாகத் தன் கையாலேயே துளை போட்டார். கை வலி தாங்க முடியவில்லை. அதனால் சுலபமாகத் துளை போட ஒரு கருவியையும் கண்டுபிடித்துவிட்டார்!

1889ல் ஒரு போட்டி நடந்தது. அடுத்த கணக்கெடுப்புக்கு எந்த முறை நல்லது என்று பார்க்க மூன்று முறைகளைச் சோதித்தார்கள். சுமார் 10 ஆயிரம் பேரின் விவரத்தைத் தொகுக்க வேண்டும். மற்ற இரண்டு முறைகளுக்கும் 40 மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஹோலரித்தின் எந்திரம் ஐந்தரை மணி நேரத்தில் முடித்துவிட்டது.

1890 கணக்கெடுப்பில் 6 கோடியே 20 லட்சம் பேருக்கும் அதிகமான மக்களின் மொத்த எண்ணிக்கை சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைத்திருந்தவர்கள், எந்திரத்தின் மீதே சந்தேகப்பட்டனர். ஆனால் எந்திரம் வென்றது. எழுத்துக்கூட்டலுக்குப் பயந்து ஓடிய பையனுக்கு, அதே ஆண்டு கொலம்பியா கல்லூரி டாக்டர் பட்டம் கொடுத்தது!

1896ல் ஹோலரித் சொந்த நிறுவனம் தொடங்கினார். ரயில்வே நிறுவனங்கள் சரக்குக் கணக்குக்கு இவர் எந்திரங்களை வாடகைக்கு எடுத்தன. ரஷ்யாவும் தன் மக்களை எண்ண இவற்றைப் பயன்படுத்தியது. ஆனால் எல்லாம் சுகமாகவே போகவில்லை. வாடகை அதிகம் என்று மக்கள்தொகை அலுவலகமே இவரிடம் சண்டை போட்டது. இவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அந்த அலுவலகம் தானே எந்திரம் செய்துகொண்டது. பிடிவாதத்தால், தன்னை வளர்த்துவிட்ட முதல் பெரிய வாடிக்கையாளரையே ஹோலரித் இழந்தார்.

1911ல் இவரது நிறுவனம் வேறு சில நிறுவனங்களோடு இணைக்கப்பட்டது. 1924ல் அதற்குப் புதுப் பெயர் வைத்தார்கள். அதுதான் ஐ.பி.எம்.! கம்ப்யூட்டர் உலகில் புகழ்பெற்ற அந்த நிறுவனத்தின் வேர்களில் ஒன்று, ஹோலரித்தின் துளை போட்ட அட்டை. 1929 நவம்பர் 17ம் தேதி, வாஷிங்டனில் மாரடைப்பால் ஹோலரித் காலமானார்.

கதை இதோடு முடியவில்லை குட்டீஸ். இதயத்தைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய முடியாத காலம் அது. இதயம் நின்றால் ரத்த ஓட்டம் நின்றுவிடுமே! ஜான் கிப்பன் என்ற டாக்டர், ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் சேர்த்து, மறுபடி உடலுக்குள் அனுப்பும் எந்திரத்தைச் செய்ய முயன்றார். அவருக்குக் கைகொடுத்தவர்கள் ஐ.பி.எம். பொறியாளர்கள். 1953 மே 6ம் தேதி, பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இதயத்தில் இருந்த துளையை டாக்டர் தைத்து மூடும் வரை, 26 நிமிடங்கள் இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை எந்திரமே செய்தது. அந்தப் பெண் பிழைத்தார்!

1960களில் இன்னொரு சம்பவம். ஐ.பி.எம். பொறியாளர் ஒருவரின் மகனுக்கு ரத்தப் புற்றுநோய். அந்தத் தந்தை புற்றுநோய் டாக்டர்களோடு சேர்ந்து, ரத்த அணுக்களைச் சுழற்றிப் பிரிக்கும் எந்திரத்தை உருவாக்க உழைத்தார். இன்று ரத்த வங்கிகளில் இருக்கும் அணுப் பிரிப்பு எந்திரங்களுக்கு அது ஒரு முன்னோடி.

ஹோலரித்தின் எந்திரம் முதன்முதலில் எண்ணியது இறந்தவர்களின் கணக்கை. அந்தக் கணக்கும் உயிரோடு இருப்பவர்களைக் காப்பாற்றத்தான். அடுத்த முறை பள்ளியில் உங்கள் உயரம், எடை, ரத்த வகை எல்லாம் கேட்டு எழுதும்போது அலுத்துக்கொள்ளாமல் சரியாகச் சொல்லுங்கள். சரியான கணக்கு இருந்தால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும்!