பினாங்கில் கொடியை இறக்கிய ஆசிரியர் சரவணமுத்து

1942 ஜனவரி 7ஆம் தேதி சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் படை சிதறியது. ஜப்பானியர் தஞ்சோங் மாலிம், கலும்பாங் பக்கமாக இறங்கி 11ஆம் தேதி கோலாலம்பூரைப் பிடித்தனர். துரைமார் கிளம்பிவிட்ட தோட்டங்களில் எஞ்சியது கிராணிமாரும் கங்காணிமாரும் பால்மரம் வெட்டியவர்களும்தான்.

பினாங்குத் தீவுக்கு இந்த நிலை மூன்று வாரங்களுக்கு முன்பே வந்துவிட்டது. அங்கே பொறுப்பைத் தோளில் ஏற்றவர் ஓர் ஆங்கில நாளேட்டின் ஆசிரியர், தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து.

இலங்கைத் தமிழரான இவர் ஆக்ஸ்போர்டில் படித்தவர். சகோதரர் இரத்தினசோதி கொழும்பின் முதல் மேயர். இன்னொரு சகோதரர் பாக்கியசோதியின் பெயரில்தான் கொழும்பின் சாரா ஓவல் மைதானம் இருக்கிறது. இலங்கை தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1982இல் ஆடியது அங்கேதான்.

சரவணமுத்து 1931இல் பினாங்கின் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' ஆசிரியரானார். 1903இல் லிம் செங் ஹூய் என்ற பினாங்குச் சீனர் தொடங்கிய நாளேடு அது. கோலாலம்பூரில் 'மலாய் மெயில்', சிங்கப்பூரில் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' எல்லாம் வெள்ளையர் கையில் இருந்த காலம். ஆங்கிலம் படித்த ஆசியர்களுக்கு எக்கோதான் தங்கள் பத்திரிகையாகத் தெரிந்தது.

1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜார்ஜ்டவுன் மீது குண்டு விழுந்தது. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தனர். அடுத்த சில நாள்களில் வெள்ளையர்கள் இரவோடு இரவாகக் கப்பலேறினர். தமிழருக்கும் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிணங்கள் தெருவில் கிடந்தன. கடைகள் சூறையாடப்பட்டன.

இதைவிட மனத்தைப் புண்படுத்தியது சிங்கப்பூரிலிருந்து வந்த வானொலிப் பேச்சு. பினாங்கு மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டுவிட்டனர் என்று பொருள்படும்படி பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர் பேசினார். ஆனால் தீவின் மக்கள் தீவிலேயேதான் இருந்தார்கள்! அவர் கணக்கில் மக்கள் என்றால் வெள்ளையர் மட்டும்தான் போலும்.

இந்த நேரத்தில் ஆசிய சமூகத் தலைவர்கள் கூடி பினாங்கு சேவைக் குழுவை அமைத்தனர். அதை முன்னின்று நடத்தியவர் சரவணமுத்து. ஊர்க்காவலும் உணவுப் பொருளும் குழுவின் பொறுப்பாயின. ஆனால் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி பறக்கும்வரை குண்டுவீச்சு நிற்காது. ஒரு படைவீரன்கூட இல்லாத ஊருக்கு அந்தக் கொடியால் என்ன பயன்? சரவணமுத்து கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போய் அதை இறக்கி வெள்ளைக்கொடியை ஏற்றினார். ஆட்சி மாறாத வேளையில் அதன் கொடியை இறக்குவது சின்ன காரியமல்ல. நாளை பிரிட்டிஷார் திரும்பினால் துரோகி என்ற பெயர் வரும். வரப்போகும் ஜப்பானியரும் நம்புவார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. குண்டுவீச்சு நின்றது. டிசம்பர் 19ஆம் தேதி ஜப்பானியப் படை சண்டையின்றித் தீவுக்குள் வந்தது.

அதற்காக அவருக்குச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. ஜப்பானியர் அவரைச் சிறையில் அடைத்தனர்.

போருக்குப் பின் அவர் இலங்கை அரசின் தூதராகச் சிங்கப்பூரிலும் இந்தோனேசியாவிலும் பணியாற்றினார். அவரது சுயசரிதை 'தி சாரா சாகா' 1970இல் பினாங்கில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 'நேஷனல் எக்கோ' எனப் பெயர் மாறிய அந்த நாளேடு 1986இல் நின்றுபோனது.