மலை காணாச் சமவெளியின் யாத்திரிகர் தி. ஜானகிராமன்

தஞ்சைத் தரணியில் மலை இல்லை. கல்லணையைக் கடந்து கிழக்கே சென்றால் கடற்கரை வரையில் வயலும் வாய்க்காலும் தென்னையுமே கண்ணில் படும். முருகன் குடிகொண்டுள்ள சுவாமிமலையும் மனிதர் எழுப்பிய கட்டுமலையே. ஆயினும் இம்மண்ணின் வாழ்வு முழுவதும் ஒரு மலையை நம்பியே நடந்து வந்துள்ளது. குடகு மலையில் பெய்யும் மழை நீராகவும் வண்டலாகவும் இங்கு வந்து சேர்கிறது. அந்த நீரின் கரையில் வளர்ந்து, பின்னாளில் அதன் பிறப்பிடம் வரை சென்று எழுதியவர் தி. ஜானகிராமன். புதின ஆசிரியராக அவரை அறியாத தமிழ் வாசகர் இலர். பயண நூலாசிரியராக அவர் பெற வேண்டிய இடம் இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை எனலாம்.

அன்றைய தஞ்சை மாவட்டத்தில், மன்னார்குடியை அடுத்த தேவங்குடியில் 1921ஆம் ஆண்டு ஜானகிராமன் பிறந்தார். தந்தையார் தியாகராஜ சாஸ்திரி வடமொழிப் புலமையும் இசைஞானமும் உடையவர்; இராமாயணச் சொற்பொழிவில் பெயர் பெற்றவர். தந்தையின் வழியே வடமொழியும் சங்கீதமும் மகனுக்கு வாய்த்தன. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபோது அவருக்கு வயது பதின்மூன்று. ஆற்றின் இயல்பான வரவுக்குக் காத்திருந்த வேளாண்மை, அணை திறக்கும் நாளுக்குக் காத்திருக்கும் வேளாண்மையாக மாறிய காலத்தில்தான் அவருடைய இளமை கழிந்தது.

கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பயின்ற ஆண்டுகள் அவரை எழுத்தாளராக்கின. காவிரியின் கரையிலேயே அமைந்த கல்லூரி அது. கு.ப. ராஜகோபாலனைத் தம் இலக்கிய வழிகாட்டியாக அவர் கொண்டார். எம்.வி. வெங்கட்ராமும் கரிச்சான் குஞ்சுவும் உற்ற தோழர்கள் ஆயினர். கல்லூரிப் படிப்புக்குப் பின் ஆசிரியப் பணியை மேற்கொண்டு, அய்யம்பேட்டை, குத்தாலம் முதலிய ஊர்களில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பள்ளியில் கற்பித்தார்.

1954இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையத்தில் கல்வி ஒலிபரப்புப் பணியை ஏற்றார். 1968இல் தில்லிக்குப் பெயர்ந்தார். காவிரிக் கரையில் அவர் குடியிருந்த காலம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. ஆனால் தஞ்சை மண்ணை முழுமையாக எழுத்தில் நிறுத்திய படைப்புகளைப் பெரும்பாலும் அவ்வூர்களை விட்டு நீங்கிய பிறகே அவர் எழுதினார். கும்பகோணத்துத் தெருக்களை நடமாட விட்ட மோகமுள்ளும், காவிரிக் கரை வேதபாடசாலையைக் களமாகக் கொண்ட அம்மா வந்தாளும் சென்னை வாசத்தின் விளைவுகள். பிரிந்து சென்றவனுக்கே ஊரின் முகம் துலக்கமாகத் தெரியும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

ஜப்பான் நாட்டிற்குச் சென்று வந்த அனுபவங்களைச் சுதேசமித்திரன் வார இதழில் அவர் தொடராக எழுதினார். 1967இல் அது உதயசூரியன் என்னும் நூலாயிற்று. ஜப்பானின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மலையே. அங்குள்ள மலையூர்களில் சரிவுகளைப் படிப்படியாக வெட்டி நெல் விளைவிக்கிறார்கள். இளவேனிலில் செர்ரி மலர்ச்சி, முன்கோடையில் நடவு மழை, இலையுதிர் காலத்தில் அறுவடையும் சிவக்கும் மேப்பிள் மரங்களும், குளிர்காலத்தில் பனிமூட்டம் என அவ்வூர்களின் ஆண்டு நான்கு தெளிந்த பருவங்களாகப் பிரிகிறது. தஞ்சை உழவனின் ஆண்டோ குறுவை, சம்பா, தாளடி எனப் பயிரின் பெயரால் பகுக்கப்படுகிறது. நிலம் வேறு, பருவம் வேறு. எனினும் இரு நாட்டாருக்கும் சோறு ஒன்றே. நெல் விளையும் ஊரிலிருந்து நெல் விளையும் மற்றொரு நாட்டிற்குச் சென்றவராதலின், ஜானகிராமனை முற்றிலும் அயலாராக அங்குச் சென்றவர் எனக் கொள்ளுதல் இயலாது.

வெளிநாடு கண்ட கண்கள் அடுத்துச் சொந்த நதியின் பக்கம் திரும்பின. சிட்டி என அறியப்பட்ட பெ.கோ. சுந்தரராஜனுடன் இணைந்து அவர் எழுதிய நடந்தாய் வாழி காவேரி, வாசகர் வட்ட வெளியீடாக 1971இல் வந்தது. குடகில், கடல்மட்டத்திற்கு ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள தலைக்காவிரி, இந்நதியின் பிறப்பிடம். சுமார் 800 கிலோமீட்டர் ஓடிப் பூம்புகாரில் அது கடலை அடைகிறது. தென்மேற்குப் பருவமழை குடகில் கொட்டும் ஆனி, ஆடி மாதங்களில் தஞ்சையில் மழை அரிது. வானம் வெளுத்திருக்கையில் ஆறு பெருகி வருவதைக் கண்டு தஞ்சை மக்கள் ஆடிப்பெருக்குக் கொண்டாடுகிறார்கள். அப்பெருக்கு, எங்கோ மலையில் முன்பே பெய்து முடிந்த மழையின் செய்தியாகும். அம்மலைக்கே நேரில் சென்று கண்டதை எழுதியதுதான் இந்நூலின் பெருமை.

சென்னை, மைசூர் அரசுகளிடையே 1924இல் ஏற்பட்ட காவிரி உடன்பாட்டின் ஐம்பதாண்டுக் காலம் 1974இல் நிறைவுற்றது. அதற்கு மூன்றாண்டு முன்னரே இந்நூல் வெளிவந்தது. பின்னர் 1990இல் நடுவர் மன்றம், 2007இல் இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என நதியின் வரலாறு வழக்கு மன்றங்களில் எழுதப்பட்டது. இன்று காவிரி என்றாலே கனஅடியும் பங்கீடுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. நதியை அளவாக அன்றி, அதன் கரைகளில் வாழும் மனிதர்களாகவும் ஊர்களாகவும் கலைகளாகவும் காணும் பார்வையை இந்நூல் நமக்காகக் காத்து வைத்திருக்கிறது.

கருங்கடலும் கலைக்கடலும் என்னும் மற்றொரு பயண நூல் 1974இல் வெளியாயிற்று. சார்டீனியத் தீவின் தனித்த மலையூரொன்றில் நிகழும் கிரேசியா டெலடாவின் புதினத்தை, அன்னை என்னும் பெயரில் தமிழில் தந்தவரும் இவரே. சக்தி வைத்தியம் சிறுகதைத் தொகுதிக்காக 1979ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது இவரை வந்தடைந்தது. பணி ஓய்வு பெற்ற சிறிது காலத்திலேயே, 1982 நவம்பர் 18இல், ஜானகிராமன் இயற்கை எய்தினார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் பச்சை பிடிக்கும் பருவம் அது. மேட்டூர் குறித்த நாளில் திறவாத ஆண்டுகளில், வறண்ட ஆற்றுமணலைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் இன்றைய தஞ்சைச் சிறுவர்களுக்கு, கரை புரண்ட காவிரியைக் காட்ட அவருடைய பக்கங்கள் இருக்கின்றன. அவற்றை அவர்கள் கையில் சேர்ப்பது தமிழ் கற்பிப்போரின் கடமையாகும்.